ஒன்பதாம் இலக்கத்தில் எரிந்த விளக்கு

அத்தியாயம் எட்டு

என் கணவர் பாலேந்திரா பழைய கேம்பர் வான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒன்பதாம் இலக்கத் தரிப்பிடத்தில் நிறுத்திய அன்றிலிருந்து மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். தபால் பிரிக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் நின்ற மனிதர், ஓய்வு பெற்ற மாதமே கட்டிலும் அடுப்பும் வைத்த வானோடு வருவார் என்று யார் நினைத்தது? பிறகு இரண்டு வருடம் அதில் எங்கெங்கோ போனோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தேத்தண்ணீர் குடித்த கோப்பையைக் கழுவாமல் வானுக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்கே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. எது முன், எது பின் என்று பிள்ளைகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இருபத்தொன்பதாம் நாள் மட்டும் காலையிலிருந்து மாலைவரை அப்படியே மனதில் நிற்கிறது.

அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு வந்தால் முப்பத்தோராம் நாள் சடங்கு. நான் உளுந்தை ஊறப்போட்டுவிட்டு நிமிர, கதவுத் துவாரத்தால் ஒரு கடிதம் விழுந்தது.

மகள் விதுஷா அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமலே எடுத்துப் படித்தாள்.

"சாப்பிடன் பிள்ளை."

"பசியில்லை அம்மா. பொறுங்கோ, இதை வாசிக்கிறன்."

என் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த மாதம் முழுக்கப் பசியே இருக்கவில்லை. இவள் வேலையால் வந்தால் பசியில்லை என்பாள். மகன் கிருஷாந் புதன்கிழமைகளில் லூயிஷாமிலிருந்து வந்து பென்ஷன் காகிதங்களைப் பார்ப்பான். சாப்பிடச் சொன்னால், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தனான் அம்மா" என்று எழும்பிவிடுவான். துக்கம் வயிற்றை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்திருந்தது. விதுஷா தமிழில் சொன்னாள்.

"கேம்பர் வான் நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு மேல இஞ்ச நிக்கக் கூடாதாம். எங்கட வான் இருபத்தெட்டு நாளா அசையேல்லையாம். அதோட..." நிறுத்தினாள். "அதுக்குள்ள ஆரோ குடியிருக்கினமாம்."

"ஆர்?"

"எனக்கென்னம்மா தெரியும்?"

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. இரவு முழுக்க நின்ற களைப்பு என்று விட்டுவிட்டேன்.

"பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள எடுக்காட்டி வானுக்குக் குடுத்த பெர்மிட்டை முழுசா நிப்பாட்டிப் போடுவினமாம். பிறகு எப்பவுமே கொண்டு வர ஏலாது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். வானை வைத்திருப்பதா, விற்பதா என்று எனக்கே தெரியாது. கிருஷாந் முதலிலிருந்தே விற்கச் சொன்னான். மறுநாள் பத்து மணிக்கு வாங்குகிற ஆள் ஒருவர் வருவதாகவும் சொல்லியிருந்தான். நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. யோசிக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. பெர்மிட் போய்விட்டால் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

பதினொரு மணிக்குக் கிருஷ்ணமூர்த்தி வந்தார். இருபத்திரண்டாம் இலக்க வீட்டுக்காரர், திருச்சிப் பக்கம், நிதி நிறுவனம் ஒன்றில் வேலை. சங்கத்துச் செயலாளரும் அவர்தான். செத்த வீட்டுக்கு நாற்பது பேருக்கு இட்லி அவித்துக்கொண்டு வந்த மனிதர். இப்போது சங்க விதிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, அந்த லெட்டர் நான் போடல. கமிட்டி போட்டது. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

"அப்ப கமிட்டிக்குக் கை இல்லையோ மூர்த்தி?"

"திட்டுங்க. காலையில இருந்து எல்லாரும் திட்டிட்டுத்தான் இருக்காங்க." உட்கார்ந்தார். "நாற்பத்தெட்டு மணி நேரம்னு ரூல். இருபத்தெட்டு நாளா நான் வாயத் திறக்கல. அதுக்கே பதினேழாம் நம்பர் அம்மா என்னைப் பிடிச்சாங்க. அப்புறம் நேத்து போட்டோவோட வந்துட்டாங்க. வண்டிக்குள்ள ராத்திரி முழுக்க வெளிச்சம் எரியுதாம். ஒரு பொம்பளை சாப்பாட்டுத் தட்டோட உள்ள போறாங்களாம்."

போனை நீட்டினார்.

மங்கலான படம். வானின் பின்கதவு திறந்திருந்தது. தொளதொளத்த ஆண்கோட்டு ஒன்றைப் போட்டு, தலையை மூடி, முதுகு வளைந்த ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். கையில் தட்டு. வீடு வாசல் இல்லாத யாரோ என்று பட்டது.

"ஆர் மூர்த்தி இந்தப் பொம்பிளை? பாவம், குளிருக்கு வந்து கிடக்கிறா போல."

அவர் என்னையே பார்த்தார். விதுஷாவும் பார்த்தாள்.

திரும்ப ஒருமுறை படத்தைப் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் நீலக்கோடு இருந்தது. அது எங்கள் வீட்டுத் தட்டு. கோட்டு அவருடையது.

"ஐயோ, இது நான்."

 நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் போன மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடியைத் தேடி வானுக்குள் போனேன். அந்தக் கழுவாத கோப்பை அங்கே இருந்தது. வீட்டுக்குள் அவருடைய படத்துக்கு முன்னால் எல்லாரும் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். ஆனால் அவர் கடைசியாக இருந்து தேத்தண்ணீர் குடித்த இடம் அதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு ஒரு தட்டுச் சாப்பாடு வைத்து வந்தேன். எரிவாயு இருக்கிற வண்டிக்குள் நெருப்புக் கொளுத்தக் கூடாது என்று அவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார். அதனால் பவுண்ட் கடையில் வாங்கிய பற்றரி விளக்குத்தான் ஏற்றினேன். அது விடியும்வரை எரியும்.

"படையல்தான் மூர்த்தி. குடியிருப்பு இல்லை."

கிருஷ்ணமூர்த்தி விதிகளை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "இதை நான் இங்கிலீஷ்ல எப்படி மினிட்ஸ்ல எழுதுறது?"

இன்னொன்றும் இருந்தது. அதை அவருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. மறுநாள் நான் போகும்போது தட்டு வெறுமையாக இருக்கும்.

பல நாள் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். சில நாள் கழுவாமல், ஆனால் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் இருக்கும். பின்கதவுப் பூட்டு பழுது. கைபிடியை மேலே தூக்கி இழுத்தால் திறக்கும். அது எங்கள் நாலு பேருக்கு மட்டுமே தெரியும். நாலு பேரில் ஒருவர் படமாகிவிட்டார். நானே சாப்பிட்டுவிட்டு மறந்துபோகிறேனோ என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். வெளியே சொன்னால் பிள்ளைகள் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள் என்ற பயம்.

கிருஷ்ணமூர்த்தி போனில் வேறு ஏதோ தேடினார்.

"அக்கா, பாலா சார் ரெண்டு வருஷமா ரூலை ஒரு தடவைகூட மீறினதில்லை, தெரியுமா? ரெண்டு நாள் இங்க. அப்புறம் ஒரு நாள் ஃபாரஸ்ட் கேட்ல, சுசிலா அம்மா மளிகைக் கடை பின்முற்றத்துல. வெளியில ஒரு ராத்திரி நின்னுட்டு வந்தா நாற்பத்தெட்டு மணி நேரம் மறுபடி முதல்ல இருந்து எண்ணணும். ரூல் அப்படித்தான் இருக்கு. அதைக் கண்டுபிடிச்சதே அவர்தான். நான்கூட வாசிச்சதில்லை."

சுசிலாவின் கடைக்குச் சாமான் இறக்க உதவப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொல்லுவார். என்ன ஓயாத உதவி என்று நான் சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்.

போனில் வரிசையாக என் கணவருடைய செய்திகள் இருந்தன. 'வெளிக்கிட்டுட்டன்.' 'வந்திட்டன்.' 'வெளிக்கிட்டுட்டன்.' 'வந்திட்டன்.' இரண்டு வருடத்துச் செய்திகள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கடைசிச் செய்தி, அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு வந்திருந்தது.

'மூர்த்தி, இண்டைக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. நாளைக்கு எடுத்திடுவன்.'

அதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. என்னிடம் அவர் ஏலாமல் கிடக்கு என்று சொல்லவில்லை. சோறு வேண்டாம், பாண் போதும் என்று மட்டும்தான் சொன்னார்.

"நானும் சாதாரணமா எடுத்துக்கிட்டேன் அக்கா. சரி சார்னு ஒரு கட்டைவிரலைப் போட்டேன்." அவர் குரல் உடைந்தது. "அதுக்கு மேல நான் எப்படி லெட்டர் போடுவேன், சொல்லுங்க."

"சரி, அழாதேங்கோ. அஞ்சு மணிக்குள்ள ஃபாரஸ்ட் கேட்டுக்குக் கொண்டு போனால் காணும்தானே?"

"போதும். ஒரு ராத்திரி நின்னா போதும். பெர்மிட்டை நான் பார்த்துக்கறேன்."

மூன்று மணிக்குக் கிருஷாந் வேலையிலிருந்து அரைநாள் லீவு போட்டு வந்தான். ஆறடி உயரம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் கையை விரித்தான்.

"நான் எத்தினை தரம் சொன்னனான்? நானே கொண்டுபோய் விடுறன். நாளைக்கு அந்த ஆள் ஃபாரஸ்ட் கேட்டிலயே வந்து பாக்கட்டும். வித்திட்டு வேலையைப் பாப்பம்."

"அண்ணா, முப்பத்தொண்டே இன்னும் முடியேல்லை," என்றாள் விதுஷா. அவள் நித்திரை கொள்ளவே இல்லை.

"அது நிண்டால் நாங்கள் ஒவ்வொரு நாளும் அதையே பாத்துக்கொண்டிருப்பம் விதூ. அம்மாவைப் பார். அப்பாவின்ர கோட்டைப் போட்டுக்கொண்டு ஒளிச்சு ஒளிச்சுத் தட்டுக் கொண்டு போறா. படமெடுக்கிற நிலைமைக்கு வந்திட்டுது. எனக்கு அந்த வானைக் கண்டாலே ஏலாது. அப்பா போன அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்த பிறகு ஒருநாளும் நான் உள்ளுக்குக் கால் வைக்கேல்லை."

"உனக்கு ஏலாட்டி எங்களுக்கும் வேண்டாமோ?"

"நீ ஓட்டுறியா? சொல்லு. ஓட்டுறியா?"

கிருஷ்ணமூர்த்தி வானின் பக்கத்தில் குந்தி, கதவோரத்தில் அடித்திருந்த தகட்டை வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"கிருஷாந், நீங்க லைசென்ஸ் எப்ப எடுத்தீங்க?"

"ரெண்டாயிரத்துப் பன்ரெண்டு. ஏன் அங்கிள்?"

"அப்ப நீங்க இதை ஓட்டக் கூடாது. இது மூவாயிரத்து எண்ணூற்றைம்பது கிலோ வண்டி. தொண்ணூற்றேழுக்கு அப்புறம் பாஸ் பண்ணவங்க சாதாரண லைசென்ஸ்ல மூவாயிரத்து ஐந்நூறு வரைக்கும்தான் ஓட்டலாம்."

"அங்கிள், மூண்டு மைல் தூரம்!"

"மூணு மைலுக்குள்ள போலீஸ் இல்லையா?"

"நீங்கள் ஓட்டுங்கோவன்."

"நான் இந்த நாட்டுக்கு வந்ததே ரெண்டாயிரத்து எட்டுல."

கிருஷாந் விதுஷாவைப் பார்த்தான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவள் பாஸ் பண்ணி ஐந்து வருடம். மணி மூன்றேமுக்கால். யாராவது பழைய ஆள், அப்பாவோடு வேலை செய்த ஆள் என்று பெயர்களை எண்ணத் தொடங்கினார்கள். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். ஒருவருக்குக் கண் ஆப்பரேஷன்.

நான் கைப்பையைத் திறந்தேன். என்னுடைய லைசென்ஸ் அட்டையை நான் வங்கியிலும் தபாற்கந்தோரிலும் அடையாளம் காட்டத்தான் பாவித்து வந்தேன். எடுத்துக் கிருஷ்ணமூர்த்தியிடம் நீட்டினேன்.

"நான் தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு பாஸ் பண்ணினனான். மூண்டு தரம் போய்த்தான் கிடைச்சது."

அவர் பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி வாசித்தார். பிறகு வாசித்ததையே இன்னொரு தரம் வாசித்தார்.

"அக்கா. உங்களுக்கு ஓகே."

"அம்மாவோ?" கிருஷாந் சிரித்துவிட்டான். அந்த மாதத்தில் அவன் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். "அம்மா கடைசியாக் கார் ஓட்டினது எப்ப?"

"சுப்பர்மார்க்கெட் தூணிலை இடிச்ச அண்டைக்கு," என்றாள் விதுஷா. "பதினாலு வருஷம்."

"தூண்தான் பிழையான இடத்தில நிண்டது," என்றேன். அது அவர் எனக்காக எல்லாரிடமும் சொல்லி வந்த வசனம்.

எனக்கு ஓட்ட ஏலும் என்று நான் நினைக்கவில்லை. ஏலாது என்றும் நினைக்கவில்லை. ஐந்து மணி என்ற ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. கிருஷாந் என் பெயரில் ஒரு நாள் காப்புறுதி எடுக்க நாற்பது நிமிடம் போனில் நின்றான். எவ்வளவு காலம் ஓட்டவில்லை என்று அந்தப் பக்கம் கேட்டபோது, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னான். நாலு முப்பத்தெட்டுக்கு உறுதிச் செய்தி வந்தது.

ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். கால் பெடலுக்கு எட்டவில்லை.

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைவிட நாலு விரல்தான் உயரம். கடைசியாக ஓட்டியவரும் அவர்தான். இந்த இருக்கை ஏன் இவ்வளவு பின்னால் போய் நிற்கிறது?

"பொறுங்கோ, நான் செய்யிறன்." கிருஷாந் கையை விட்டு நெம்புகோலை இழுத்தான். இருக்கை முன்னால் வந்தது.

அந்த நெம்புகோல் மற்ற வண்டிகளில் போல முன்னால் இருக்காது. பக்கவாட்டில் கம்பளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அவர்கூடத் தடவித்தான் தேடுவார். இவன் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் அதை யோசிக்க எனக்கு எங்கே அவகாசம்?

விதுஷா பக்கத்தில் ஏறினாள். கிருஷாந் தன் காரில் பின்னால் வருவதாகச் சொன்னான். கிருஷ்ணமூர்த்தி வாசலில் நின்று இரண்டு கையாலும் போக்குவரத்துப் பொலிஸ் மாதிரி வீசினார்.

"ரைட்ல ஒடிங்க அக்கா! இன்னும், இன்னும்! ஐயோ, குப்பைத் தொட்டி! சரி, ஒண்ணும் ஆகல, அது ஏற்கெனவே வளைஞ்சதுதான்!"

பதினேழாம் இலக்கத்து ஜன்னல் திரை அசைந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"பிள்ளை, அப்பாவின்ர போன் உன்னட்டை இருக்குத்தானே? மூர்த்திக்கு ஒரு மெசேஜ் போடு."

"என்னெண்டு?"

"வெளிக்கிட்டுட்டம் எண்டு."

அவள் அடித்து அனுப்பினாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கிருஷ்ணமூர்த்தி போனைப் பார்த்தார். கையை உயர்த்தவில்லை. அப்படியே வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரோம்ஃபோர்ட் ரோட்டில் வெள்ளிக்கிழமை மாலை நெரிசல். மெல்ல நகர்ந்ததுதான் எனக்கு உதவி. பஸ் ஒன்று உரசுவதுபோல வந்தது. பின்னால் தட்டுகள் கிலுகிலுத்தன. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது விதுஷா முன்னால் பார்த்தபடி சொன்னாள்:

"அம்மா, அந்தச் சாப்பாட்டை நான்தான் சாப்பிட்டனான்."

நான் திரும்பினேன்.

"ரோட்டைப் பாருங்கோ! வேலையால வந்து நேரா வீட்டுக்குள்ள வர ஏலாமல் இருந்தது. அப்பா கதவைத் திறக்கிறவர் எல்லோ. அதாலை முதல்ல வானுக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் இருப்பன். ஒருநாள் பாத்தா, விளக்கெரியுது, தட்டிலை சாப்பாடு. நான் அங்க வாறது உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது, எனக்கெண்டுதான் வைக்கிறீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. இண்டைக்குக் காலமைதான் அது அப்பாவுக்கெண்டு விளங்கினது." அழத் தொடங்கினாள். "அப்பாவின்ரயை நான் சாப்பிட்டுட்டன்."

படைத்ததைப் பிறகு வீட்டாள்தானே சாப்பிட வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் ஹோன் அடித்தார்கள்.

"ஒவ்வொரு நாளும் நீயோ?"

"புதனைத் தவிர. புதன் ராவு எனக்கு லீவு எல்லோ."

வியாழக்கிழமைகளில் மட்டும்தான் தட்டு கழுவாமல் கிடக்கும். கண்ணாடியில் பார்த்தேன். மகனின் கார், அபாய விளக்கு இரண்டும் மினுங்க, வேறு வண்டி இடையில் நுழையாதபடி எங்கள் முதுகோடு ஒட்டி வந்துகொண்டிருந்தது.

சுசிலாவின் கடைப் பின்முற்றத்தில், வெங்காயச் சாக்குகளுக்கும் வெறும் பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு வானளவு இடம் காலியாகக் கிடந்தது. நிலத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் நாலு மூலையும் குறித்திருந்தது. அவருடைய கைவேலை. இரண்டு தரம் பின்னால் எடுத்து நிறுத்தினேன்.  

கிருஷாந் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்தான். "அம்மா, வடிவா ஓட்டினீங்கள். உண்மையாத்தான் சொல்லுறன்."

"தம்பி, போன புதன்கிழமை நான் என்ன சாப்பாடு வைச்சனான்?"

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். உப்புத்தான் கொஞ்சம் கூட..."

நின்றான். வாய் திறந்தபடி நின்றான். ஆறடி மனிதன் கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"தட்டைக் கழுவாமல் வைச்சிட்டு ஓடினது நீதானோ?" விதுஷா அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். "வாசிங் லிக்விட் எங்க இருக்கெண்டு தெரியாதோ?"

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். நாளைக்குப் பத்து மணிக்கு வருகிற ஆள்.

"அம்மா," என்றான். "நான் இவருக்கு என்ன சொல்லுறது?"

போனை என் கையில் வைத்தான். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.